மலைக்காரருக்கு எந்த டிரெய்னர்?

நீலகிரியில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மழை தொடங்கும்போது கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. சைக்கிளை நகராமல் வைத்து வீட்டுக்குள்ளேயே மிதிக்க உதவும் கருவியான டிரெய்னர் ஒன்று வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது? இணையத்தில் தேடினால் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் சமவெளி நகரங்களில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவர்களுக்கு வீட்டுக்குள் ஒரு மலை வேண்டும். அதனால், மெய்நிகர் சாலையைத் திரையில் காட்டும் ஜ்விஃப்ட் போன்ற ஆப்களில் ஏற்றம் வந்ததும் பெடல் தானாகக் கனக்கும் ஸ்மார்ட் டிரெய்னரைத்தான் முதலில் சொல்வார்கள்.

நமக்கு வாசலைத் தாண்டினாலே மலை. நம்மிடம் இல்லாதது சமதளம். இதை வைத்துப் பார்த்தால் தேர்வு வேறு மாதிரி வருகிறது. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு எண்ணெயின் எதிர்ப்பில் இயங்கும் ஒரு சாதாரண ஃப்ளூயிட் டிரெய்னரும் ஒரு வேக சென்சாரும் போதும். யாருக்குப் போதாது என்பதும் கீழே வரும்.

சாலையே போதாதா?

சாலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது இலவசம், அதைவிட நல்லதும் வேறு இல்லை. பிப்ரவரியில் பனி விலகிய காலையில் தலைக்குந்தாவைத் தாண்டி பைக்காரா பக்கம் ஓட்டுவதற்கு ஈடாக எந்தத் திரையையும் நான் வைக்க மாட்டேன். 2008 முதல் நடக்கும் டூர் ஆஃப் நீலகிரிஸ் பயணத்துக்கு வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவதே இந்தச் சாலைகளுக்காகத்தான். மசினகுடியிலிருந்து ஏறும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் அவர்களுக்குப் பெரிய சோதனை.

ஆனால் வாரத்தில் நாலு நாள், வருடம் முழுக்க என்று பழகுவதற்கு இந்தச் சாலையை நம்ப முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தை நனைத்தெடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது நினைவிருக்கும். அது ஓய்ந்தால் அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம். 2009 நவம்பரில் அந்த மழை கொண்டுவந்த நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மழை விட்ட மாதங்களில் சீசன் கூட்டம். ஏப்ரல், மே மாதங்களில் குன்னூர் சாலையில் பேருந்துக்கும் வேனுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதை உடற்பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் விலங்குகள். வேலைக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் நேரம் விடியும் முன்போ இருட்டிய பின்போதான். அதுவே கரடியும் காட்டெருமையும் தேயிலைத் தோட்டத்துச் சாலையைக் கடக்கும் நேரம். பலாப்பழக் காலத்தில் பர்லியார் பக்கம் யானை இறங்கும். காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருக்கலாம். சைக்கிள்காரருக்கு அந்த வசதி இல்லை. காலை ஐந்தரைக்குத் தனியாகக் கிளம்பாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இவ்வளவும் தெரிந்த காரணங்கள். தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 65 கிலோ எடையுள்ள ஒருவர், 10 கிலோ சைக்கிள், 8 சதவீத ஏற்றம், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம். புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏறுவதற்கு மட்டும் சுமார் 163 வாட் வேண்டும். டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 180 வாட்டை ஒட்டி வரும். புதிதாக ஓட்டத் தொடங்கியவர்கள் பலருக்கு ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய உச்சமே அவ்வளவுதான். சரி, வேகத்தைக் குறைக்கலாம் என்றால் கியர் விடாது. முன்னால் 34 பல், பின்னால் 28 பல், நிமிடத்துக்கு 60 சுற்று என்று மெதுவாக மிதித்தாலும் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வந்துவிடும். அதற்கே 160 வாட்டுக்கு மேல் ஆகும். அதற்கும் மெதுவாக மிதித்தால் முழங்கால்தான் அடி வாங்கும்.

அதாவது நம் ஊரில் ஏறும்போது உச்சத்துக்குப் பக்கத்தில் ஓட்டுகிறோம், இறங்கும்போது பெடலையே மிதிப்பதில்லை. நடு வேகம் என்பது கிடையாது. நீண்ட தூரம் ஓட்டும் தாங்குதிறன் வளர்வது அந்த நடு வேகத்தில்தான். மூச்சுத் திணறாமல் பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் ஒரே சீராக மிதிக்கிற ஓட்டம் அது. சமவெளிக்காரர் தினமும் கேட்காமலே அதைப் பெறுகிறார். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 மீட்டர் உயரம். இரண்டுக்கும் நடுவில் அப்படி ஒரு மணி நேரத்தைத் தேடினால் கிடைக்காது.

அதனால் மலையில் இருப்பவர் டிரெய்னர் வாங்குவதன் பயன், வீட்டுக்குள் ஒரு சமதளத்தைக் கொண்டுவருவது. ஒவ்வொரு வகையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

ரோலரும் காந்த டிரெய்னரும்

மூன்று உருளைகளின் மேல் சைக்கிளைப் பிடிமானம் இல்லாமல் ஓட்டுவது ரோலர். உடல் சமநிலைக்கும் சீரான மிதிக்கும் அதற்கு இணை இல்லை. ஆனால் கண் திரையில் இருந்தால் சக்கரம் உருளையை விட்டு நழுவும். திரையைப் பார்த்து ஓட்டும் மெய்நிகர் பயணத்துக்குப் புதியவர் இதை வாங்க வேண்டாம்.

காந்த டிரெய்னர் விலை மிகக் குறைவு. ஹேண்டில்பாரில் ஒரு லீவர் இருக்கும், அதை நகர்த்தினால் காந்தம் நெருங்கி இறுக்கம் கூடும். ஒவ்வொரு நிலையிலும் வேகத்தோடு எதிர்ப்பு நேர்கோட்டில்தான் ஏறும் என்பதால் சாலையில் ஓட்டும் உணர்வு வராது. சத்தமும் அதிகம். லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்பது ஆப்புக்குத் தெரியாது. அதனால் ஆப் ஒரு நிலையைச் சொல்லி அதிலேயே வைக்கச் சொல்லும். கைவசம் ஏற்கெனவே ஒன்று இருந்தால் ஓட்டுங்கள். புதிதாக வாங்குவதென்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்து ஃப்ளூயிட்டுக்குப் போய்விடுங்கள்.

ஃப்ளூயிட் டிரெய்னர்

இதன் வேலை எளிமையானது. பின் டயர் ஒரு உலோக உருளையை அழுத்திச் சுற்றும். உருளையின் அச்சில் ஒரு பக்கம் கனமான ஃப்ளைவீல், இன்னொரு பக்கம் நன்றாக மூடிய ஒரு டப்பா. டப்பாவுக்குள் சிலிக்கோன் எண்ணெய், அதற்குள் இறக்கைகள் சுழலும். மெதுவாகச் சுழன்றால் எண்ணெய் விலகி வழிவிடும். வேகம் கூடக் கூட எதிர்க்கும், அந்த எதிர்ப்பு வேகத்தைவிட வேகமாக ஏறும். சமதளச் சாலையில் காற்று நம்மைத் தடுப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். லீவர் இல்லை, ஒயர் இல்லை, கரண்ட் வேண்டாம். கியரை மாற்றினால் போதும், இறுக்கம் தானாக வரும்.

எண்களில் சொன்னால் விளங்கும். கைனெடிக் ரோடு மெஷின் என்ற ஃப்ளூயிட் டிரெய்னருக்கு அதைச் செய்தவர்களே ஒரு சமன்பாடு வெளியிட்டிருக்கிறார்கள். அதன்படி பின் சக்கரம் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றால் சுமார் 143 வாட், 32 கிலோமீட்டரில் சுமார் 258 வாட். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு உழைப்பு 1.8 மடங்கு ஆகிறது. இப்படி ஒரு வளைவு முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் இந்தச் சாதாரணக் கருவி மெய்நிகர் உலகத்துக்குள் நுழைய முடிகிறது. பின் சக்கரத்தின் மையத்தில் ஒரு வேக சென்சாரைக் கட்டிவிட்டால் அது வேகத்தைப் புளூடூத் வழியாக ஆப்புக்கு அனுப்பும். ஆப் அந்த வளைவை வைத்து வாட்டைக் கணக்கிடும். உங்கள் எடையைக் கொண்டு திரையில் உங்கள் உருவம் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று முடிவு செய்யும். ஜ்விஃப்டில் இதற்கு இசட்பவர் என்று பெயர்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலையைக் கட்டாயம் செய்யுங்கள். நீங்கள் ஓட்டப்போகும் ஆப்பின் பட்டியலில் உங்கள் டிரெய்னர் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். கைனெடிக் ரோடு மெஷின், சாரிஸ் ஃப்ளூயிட்2 போன்றவை ஜ்விஃப்டின் பட்டியலில் உள்ளவை. பட்டியலில் இல்லாத டிரெய்னராக இருந்தால் ஜ்விஃப்ட் ஒரு பொதுவான வளைவை வைத்துக்கொள்ளும், 400 வாட்டுக்கு மேல் கணக்கில் எடுக்காது. சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு 400 என்ற வரம்பு தடையே அல்ல. ஆனால் பொதுவான வளைவு உங்கள் கருவிக்குப் பொருந்தாவிட்டால் திரையில் வரும் எண் உண்மையிலிருந்து வெகுதூரம் விலகிப் போகலாம்.

எண் சரியாக வருவது உங்கள் கையிலும் இருக்கிறது. டயரின் காற்றழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். உருளையை டயரோடு அழுத்தும் திருகை, தொட்ட பிறகு தயாரிப்பாளர் சொன்ன அளவு சுற்றுங்கள், எப்போதும் அதே அளவு. சக்கரத்தின் சுற்றளவை ஆப்பில் சரியாகக் கொடுங்கள். 700x25 டயருக்கு 2,105 மில்லிமீட்டர். இதையெல்லாம் ஒரு முறை ஒழுங்குபடுத்திக்கொண்டால், எண் உண்மையான வாட்டாக இல்லாவிட்டாலும் நாளுக்கு நாள் மாறாத எண்ணாக இருக்கும். போன மாதத்தைவிட முன்னேறியிருக்கிறோமா என்று அறிய அது போதும்.

நம் குளிருக்கென்று ஒரு குறிப்பு. ஊட்டியில் ஜனவரி விடியலில் உறைபனி படரும் நாட்களில் டப்பாவுக்குள் இருக்கும் எண்ணெயும் சில்லிட்டுப் போயிருக்கும். குளிர்ந்த எண்ணெய் சற்றுக் கெட்டியாக இருப்பதால் முதல் சில நிமிடங்கள் வழக்கத்தைவிடக் கனமாக மிதிபடும். சூடேறியதும் இளகும். ஆனால் ஆப்புக்கு வேகம் மட்டும்தானே தெரியும்? அதனால் தொடக்கத்தில் உங்கள் உழைப்பைக் குறைத்துக் காட்டும், போகப் போகச் சரியாகும். பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக மிதித்து உடலையும் எண்ணெயையும் சூடேற்றிவிட்டுப் பிறகு பயிற்சியைத் தொடங்குங்கள். டிரெய்னரை வராந்தாவில் வைக்காமல் உள்ளறையில் வைப்பது நல்லது.

நம் ஊரில் பலரிடம் இருப்பது எம்டிபி என்கிற மலைச் சைக்கிள். முட்கள் போல் கட்டைகள் துருத்திய டயரை உருளையில் ஓட்டினால் சத்தமும் அதிர்வும் தாங்காது, டயரும் சீக்கிரம் தேய்ந்துவிடும். வழுவழுப்பான ஸ்லிக் டயர் ஒன்றைப் போட வேண்டும். சாலை டயராக இருந்தாலும் உருளையின் சூட்டில் தேயும். பழைய டயரை இதற்கென ஒதுக்கலாம், அல்லது டிரெய்னருக்கென்றே விற்கும் டயரை வாங்கலாம். அப்புறம் பின் அச்சு. இந்த டிரெய்னர்கள் பின் சக்கரத்தைக் கைநெம்பால் இறுக்கும் குவிக் ரிலீஸ் கம்பியைப் பிடிக்கும்படி செய்யப்பட்டவை, கூடவே ஒரு இரும்புக் கம்பியும் தருவார்கள். நட்டு போட்ட அச்சுக்கும் தடித்த அச்சு ஊடே திருகப்படும் புதிய த்ரூ ஆக்சில் சைக்கிளுக்கும் தனி அடாப்டர் வேண்டும். இதைக் கேட்காமல் ஆர்டர் போட்டால் பெட்டி மலையேறி வந்து மறுபடி இறங்க வேண்டியிருக்கும்.

திரையில் எப்படி இருக்கும்?

ஃப்ளூயிட் டிரெய்னரில் மெய்நிகர் ஏற்றம் காலுக்குத் தெரியாது. இதுதான் பெரிய குறை என்று எல்லா ஒப்பீடுகளும் சொல்லும். உண்மைதான். ஜ்விஃப்டில் ஆல்ப் டு ஜ்விஃப்ட் என்று ஒரு மலை இருக்கிறது. பிரான்சின் ஆல்ப் துவெஸ் மலைச்சாலையை அப்படியே எடுத்துச் செய்தது, 21 வளைவுகள், சுமார் 12 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஸ்மார்ட் டிரெய்னரில் ஒவ்வொரு வளைவிலும் பெடலின் கனம் மாறும். ஃப்ளூயிட்டில் எதுவும் மாறாது. நீங்கள் அதே 150 வாட்டில் மிதித்துக்கொண்டிருப்பீர்கள், திரையில் உங்கள் உருவம் மட்டும் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 8, 9 என்று இறங்கிவிடும். வேகமாக ஏற வேண்டுமென்றால் நீங்களாகவே கியரை ஏற்றி அழுத்த வேண்டும். இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினாலும் உருவம் உருண்டு போகும்.

கல்லட்டியையோ குன்னூர் சாலையின் 14 வளைவுகளையோ காலால் அறிந்தவருக்கு இது இழப்பா? எனக்குத் தோன்றவில்லை. ஏற்றத்தின் கனம் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வெளியே இருக்கிறது, அசலாக. மற்ற நாட்களில் வேண்டியது சீரான ஒரு மணி நேரம். ஃப்ளூயிட் டிரெய்னர் திரையில் எந்த மலை வந்தாலும் அந்தச் சமதளத்தைக் கலைக்காமல் தருகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜ்விஃப்டில் டிரெய்னர் டிஃபிகல்ட்டி என்ற அமைப்பு ஆரம்பத்தில் பாதியில்தான் இருக்கும். அதாவது பல மடங்கு விலை கொடுத்து ஸ்மார்ட் டிரெய்னர் வாங்கியவரும், அதை மாற்றாத வரை, திரையில் 8 சதவீத ஏற்றம் வரும்போது காலில் உணர்வது ஏறக்குறைய 4 சதவீதத்தைத்தான்.

உயரம் பற்றிய ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதனால் மனம் தளர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மூச்சுக்கு மூச்சு உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். அதனால் நெடுநேரம் தரக்கூடிய வாட் பத்து சதவீதம் வரைகூடக் குறையலாம், இங்கேயே வாழ்ந்து பழகிய உடலுக்கு இழப்பு சற்றுக் குறைவு. வெளியே ஓட்டும்போது காற்று மெலிந்திருப்பதால் தடையும் குறைந்து ஓரளவு ஈடுகட்டும். திரைக்குள் அந்த ஈடு கிடையாது. அங்கே வாட்டும் எடையும்தான் கணக்கு. ஆகவே கோவையில் இருக்கும் நண்பர் உங்களை மெய்நிகர் சாலையில் முந்திப் போனால் அதில் ஒரு பங்கு உங்கள் ஊரின் உயரத்துக்குச் சேர வேண்டியது. சமவெளியில் சோதித்துப் பார்த்த எஃப்டிபி எண்ணை, அதாவது ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய உச்ச வாட்டை, இங்கே வைத்துக்கொண்டு பயிற்சித் திட்டம் போடாதீர்கள். இங்கேயே, இந்த டிரெய்னரிலேயே ஒரு முறை சோதித்து அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்மார்ட் டிரெய்னர் யாருக்கு?

பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு செயினை டிரெய்னரின் கேசட்டிலேயே, அதாவது அதிலுள்ள பல்சக்கரத் தொகுப்பிலேயே, மாட்டுவது டைரக்ட் டிரைவ். வாட்டை நேரடியாக அளக்கும், வாஹூ கிக்கர் கோர் போன்றவற்றில் பிழை 2 சதவீதம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். 16 சதவீத ஏற்றம் வரை காலுக்குக் காட்டும். டயர் தேய்வதில்லை, சத்தம் மிகக் குறைவு. இதன் உண்மையான பலமாக நான் நினைப்பது எர்க் முறை. 170 வாட் என்று சொல்லிவிட்டால் நீங்கள் வேகமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும் கருவி 170-இலேயே பிடித்து வைக்கும். இடைவெளிப் பயிற்சியை ஒழுங்காகச் செய்ய இதைவிட வசதி இல்லை. மெய்நிகர் பந்தயத்தில் இறங்க நினைப்பவருக்கும் இதுதான் வழி. சைக்கிள் விளையாட்டின் உலக அமைப்பான யூசிஐ 2020-இல் ஜ்விஃப்டில் முதல் இ-ஸ்போர்ட்ஸ் உலகப் போட்டி நடத்தியது, 2024-இல் மைவூஷ் என்ற இன்னொரு ஆப்பில் நடந்தது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், வார இறுதிப் பந்தயங்களில்கூட வேகத்திலிருந்து ஊகித்த வாட்டைப் பல அமைப்பாளர்கள் முடிவுகளில் சேர்ப்பதில்லை. பந்தயம் உங்கள் ஆசை என்றால் ஃப்ளூயிட் வாங்கிப் பிறகு வருந்துவதைவிட, சேர்த்து வைத்து நேரே ஸ்மார்ட்டுக்குப் போங்கள்.

மலையில் அதற்குக் கொடுக்கும் விலை பணம் மட்டும் இல்லை. முதலாவது கரண்ட். காற்றும் மழையும் சேர்ந்தால் மரம் கம்பியில் விழும், மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில்தான் வெளியே ஓட்ட முடியாமல் டிரெய்னரைத் தேடுவோம். பெரும்பாலான ஸ்மார்ட் டிரெய்னர்கள் மின்சாரம் இல்லாவிட்டால் தங்கள் வேலையைச் செய்யாது. டாக்ஸ் நியோ போன்ற சில மட்டும் மிதிப்பதிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும், ஆனால் அவை விலையின் உச்சியில் இருப்பவை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இந்தக் கவலை பெரிதல்ல, டிரெய்னர் இழுப்பது சொற்பம்தான்.

இரண்டாவது பழுது. 18 கிலோவுக்குப் பக்கத்தில் எடையுள்ள ஒரு மின்னணுக் கருவி மழைக்கால ஈரத்தில் ஏதாவது ஆனால், அதைப் பெட்டியில் கட்டிக் கோவைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டும். திரும்பி வரும் வரை மழை காத்திருக்காது. ஃப்ளூயிட் டிரெய்னரில் பெரும்பாலும் வரக்கூடிய பழுது எண்ணெய் கசிவதுதான். விலையைப் பொறுத்தவரை, நல்ல டைரக்ட் டிரைவ் ஒன்று ஃப்ளூயிட்டைப் போல மூன்று நான்கு மடங்கு ஆகும். அந்த வித்தியாசத்தில் ஒரு நல்ல சைக்கிளே வாங்கலாம்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது, அதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. ஃப்ளூயிட் டிரெய்னரோடு வாட்டை நேரடியாக அளக்கும் ஒரு பவர் மீட்டரை, கிராங்கிலோ (பெடலைத் தாங்கும் கை) பெடலிலோ பொருத்துவது. அப்போது டயர் அழுத்தம், எண்ணெய்ச் சூடு பற்றிய கவலையெல்லாம் போய்விடும், ஆப்புக்கு நீங்கள் காலால் தரும் உண்மையான வாட் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே பவர் மீட்டர் ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிச் சாலையிலும் உங்களோடு வரும். ஸ்மார்ட் டிரெய்னரின் அளவீடு அறைக்குள்ளேயே கிடக்கும். மலையில் உண்மையாகவே ஏறிப் பழகும் ஒருவர் கூடுதலாகச் செலவு செய்ய நினைத்தால், என் வாக்கு இதற்குத்தான். எர்க் முறை கிடைக்காது, அது ஒன்றுதான் இழப்பு.

அறை, தரை, நெட்

எதை வாங்கினாலும் மின்விசிறி ஒன்று வேண்டும். ஊட்டியில் பல வீடுகளில் விசிறியே இருக்காது, தேவைப்பட்டதும் இல்லை. ஆனால் உடல் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குக்கும் குறைவுதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பம். 150 வாட்டில் மிதிக்கிறவர் சுமார் 500 வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கிறார், சின்ன ரூம் ஹீட்டர் ஒன்றைப் போல. வெளியே எதிர்க்காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். அறையில் பத்து நிமிடத்தில் வேர்த்து ஊற்றும், அரை மணியில் கால் ஓயும். ஒரு டேபிள் ஃபேனை நேரே நெஞ்சுக்கு வைத்து, ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

இதையும் கேளுங்கள், தயவுசெய்து. குளிருக்காகக் கரி அடுப்போ கணப்போ மூட்டிய மூடிய அறையில் ஓட்டவே கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஓட்டும்போது சாதாரண நேரத்தைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம், ஆபத்தும் அதே அளவு சீக்கிரம் வரும். ஓட்டத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் உங்களுக்குக் குளிரே தெரியாது, அடுப்புக்குத் தேவையும் இல்லை.

பழைய பங்களாக்களில் மரத்தரை. தோட்டத்து லைன் வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். டிரெய்னரின் இரைச்சலைவிட அதிர்வுதான் அக்கம்பக்கத்தாரை எழுப்பும். கனமான ரப்பர் பாய் ஒன்றை அடியில் போடுங்கள், மரத்தரையென்றால் இரண்டு. வேர்வை விழும் இடத்தில் துணி. ஓட்டி முடித்ததும் ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் ஹெட்செட் பேரிங்கையும் போல்ட்டுகளையும் துடைத்துவிடுங்கள், நம் ஈரத்தில் உப்பு வேர்வை பட்ட இரும்பு ஒரே வாரத்தில் துருப் பிடிக்கும்.

நெட் விஷயத்தில் பயப்பட வேண்டியதில்லை. ஜ்விஃப்ட் போன்றவை ஓட்டும்போது இழுக்கும் டேட்டா மிகக் குறைவு, முதல் பதிவிறக்கமும் அப்டேட்டுகளும்தான் ஜிபி கணக்கில் வரும். அவற்றை நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். நடுவில் நெட் போனால் திரையிலிருந்து மற்றவர்கள் மறைவார்கள், உங்கள் ஓட்டம் தொடரும். உண்மையான சாலைகளின் வீடியோவைக் காட்டும் ரூவிக்கு அதிக டேட்டா வேண்டும். ஜ்விஃப்டின் மாதக் கட்டணம் 2024-இல் 19.99 டாலராக ஏறியது, வருடம் முழுக்கக் கட்டினால் அதுவே ஒரு பெரிய தொகை. மழை மாதங்களுக்கு மட்டும் கட்டி, நல்ல வெயில் மாதங்களில் நிறுத்திவிடலாம். மைவூஷ் இலவசம். ஸ்மார்ட் டிரெய்னரோ பவர் மீட்டரோ இருப்பவர் முதலில் அதைப் பார்த்துவிட்டே காசு கொடுப்பதை யோசிக்கலாம்.

பழையதாக வாங்குவது

ஃப்ளூயிட் டிரெய்னரைப் பழையதாக வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஸ்மார்ட்டுக்கு மாறுகிறவர்கள் கோவையிலும் பெங்களூரிலும் நிறைய விற்கிறார்கள், மடித்தால் காரின் பின்னால் போட்டுக் கொண்டுவந்துவிடலாம். நேரில் பார்க்கும்போது உருளைக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பாவின் ஓரத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் விட்டுவிடுங்கள், எவ்வளவு விலை குறைத்தாலும் சரி. தரையில் டிரெய்னர் நின்ற இடத்தில் கறை இருக்கிறதா பாருங்கள். அப்புறம் உங்கள் சைக்கிளையே கொண்டுபோய் மாட்டி, கடைசிக் கியரில் ஐந்து நிமிடம் நன்றாக மிதியுங்கள். வேகம் ஏற ஏற இறுக்கமும் ஏற வேண்டும். எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் லேசாகவே இருந்தால் உள்ளே எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம். மாடல் பெயரைப் படம் எடுத்து ஆப்பின் பட்டியலோடு அங்கேயே ஒப்பிட்டுவிட்டு, அச்சுக் கம்பியையும் கேட்டு வாங்கிக்கொண்டு மலையேறுங்கள்.